சட்டைப் பை எந்தப் பக்கம்

எனக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள். இதைச் சொன்னால் என் மனைவி சிரிப்பாள். "சம்பளம் வாங்கறதுக்கு முன்னாடியே உங்களுக்கு அந்தக் குணம் இருந்துச்சு" என்பாள். இருந்துவிட்டுப் போகட்டும். பெட்டியும் லேபிளும் அச்சடிக்கிற ஒரு சின்ன பிரஸ்ஸில் இருபத்தாறு வருஷம் ப்ரூஃப் பார்த்தவன் நான். ஆயிரக்கணக்கில் அச்சடிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு மாதிரி எடுத்து என் மேஜைக்கு அனுப்புவார்கள். எழுத்து, நிறம், எடை, தேதி, கோடு என்று ஒவ்வொன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, பிழையைச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட வேண்டும். பிழை இருந்தால் 'தப்பு' என்று எழுதுவேன். இல்லாவிட்டால் 'சரி'. கீழே கையெழுத்து.

பெட்டிகள் மட்டுமில்லை. முதலாளியம்மா ஒருமுறை ஒரு பெரிய வாடிக்கையாளருக்கு அவருடைய போட்டிக்காரர் பெயரைப் போட்டுக் கடிதம் அனுப்பிவிட்டார். அதிலிருந்து, அந்தக் கட்டிடத்தை விட்டு வெளியே போகிற எந்தக் காகிதமும் என் மேஜையில் ஒரு 'சரி' வாங்கிக்கொண்டுதான் போகும். வாடகை ரசீதாக இருந்தாலும் சரி, வேலைக்கு எடுக்கிற கடிதமாக இருந்தாலும் சரி, அதுதான் வழக்கம்.

அப்படிப்பட்ட நான் அட்டை அக்காவைச் சந்தேகப்பட்டதில் என்ன அதிசயம்?

அவள் எங்களிடம் டிசைன் வேலைக்கு வந்தபோது வயது நாற்பத்தொன்று. எனக்கு ஐம்பத்தாறு. ஆனாலும் அவளை 'அக்கா' என்று கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன், கிண்டலுக்காகத்தான். வந்த முதல் நாளே தோளில் ஒரு சாக்கு மூட்டை. பிரித்துக் கொட்டினால் அத்தனையும் கிழிந்த அட்டைப் பெட்டிகள். பிஸ்கட் பெட்டி, பற்பசைப் பெட்டி, பல்பு பெட்டி, செருப்புப் பெட்டி. எல்லாம் யாரோ வாங்கி, பிரித்து, குப்பையில் எறிந்தவை. தன் மேஜைக்கு எதிர்ச் சுவரில் அவற்றை வரிசையாகக் குத்தி வைத்தாள். எங்கள் மெஷின்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இந்தம்மா டிசைன் போட வந்திருக்காங்களா, இல்ல கடை போட வந்திருக்காங்களா?" என்றார். அன்றே 'அட்டை அக்கா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் பை நிறைய அட்டையோடுதான் வீட்டுக்குப் போவாள்.

அதற்கு முன் இருந்த டிசைனர்கள் வெளிநாட்டுப் புத்தகம் பார்ப்பார்கள், கம்ப்யூட்டரில் படம் தேடுவார்கள், பரிசு வாங்கின பெட்டிகளை அலமாரியில் அடுக்கி வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவார்கள். யோசனை எங்கிருந்தோ பறந்து வரும் என்று காத்திருப்பார்கள். இவள் குப்பையைக் கிளறுகிறாள். எனக்கு மூக்கில் வியர்த்தது.

"என்னம்மா இது? எல்லாம் கிழிஞ்சது. நல்லதா ஒண்ணுகூட கிடைக்கலையா?"

"கடையில நிக்கறப்போ எல்லாப் பெட்டியும் அழகாத்தான் இருக்கும்ணா. அதுல என்ன தெரியும்? இதைப் பாருங்க, கத்தியால குத்தியிருக்காங்க. இது பல்லு. பல்லால கடிச்சிருக்காங்க. இவங்க பாவம், ஏதோ அவசரம். 'இங்கே திறக்கவும்'னு அம்புக்குறி போட்ட இடத்தை ஒருத்தர்கூட தொடலை. எல்லாரும் அந்தப் பக்கம்தான் பிச்சிருக்காங்க. பெட்டி ஒண்ணு சொல்லுது, கை வேற ஒண்ணு சொல்லுது. நான் கை சொல்றதைக் கேக்கறேன்."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிற பேச்சை நான் இரண்டு தடவை பார்ப்பேன்.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் கதையையும் வாயைக் கிண்டித் தெரிந்துகொண்டேன். பள்ளிப்படிப்போடு சரி. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் ஒரு மருந்துக் கடையில் கவுன்டரில் நின்றிருக்கிறாள். அங்கே ஒருநாள் ஒரு பெரியவர் கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து கேட்டிருக்கிறார். இவள் அவசரத்தில் காதுக்கு விடுகிற மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே பச்சைப் பெட்டி, ஒரே அளவு. பெரியவர் தெருமுனை திரும்புவதற்குள் ஓடிப்போய் மாற்றிக் கொடுத்திருக்கிறாள். திரும்பி வந்து, கடையில் இருந்த காது மருந்துப் பெட்டி அத்தனையிலும் பேனாவால் பெரிதாக ஒரு காது வரைந்துவிட்டாள். கடைக்காரர் கத்து கத்து என்று கத்தியிருக்கிறார். கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு போனாராம். ஆறு மாதம் கழித்து வந்த புதுச் சரக்கில் பெட்டி மேல் அச்சாகவே ஒரு காது.

"யாரும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை. ஆனா அன்னிக்குத்தான் உறைச்சுதுண்ணா. இந்தப் பெட்டியெல்லாம் தானா முளைக்கலை, யாரோ ஒரு ஆள் உக்காந்து வரையறாங்க, அந்த ஆள் நானாவும் இருக்கலாமேன்னு."

அதன் பிறகு மாலை வகுப்பு, ஊறுகாய் பாட்டிலுக்கு லேபிள், விசிட்டிங் கார்டு என்று சில்லறை வேலைகள், கடைசியில் எங்கள் பிரஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடப்பிறந்த அக்கா வீட்டில் ஒரு அறை. அந்தக் காதுக் கதை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதாலேயே நம்பவில்லை. கம்பெனியே அவள் யோசனையைத் திருடிக்கொண்டது என்றால், அவளும் யாருடையதையோ திருடலாமே என்றுதான் என் புத்தி போனது. என் புத்தி அப்படி.

அவள் வந்த பத்தாவது மாதம் சலவைத்தூள் கம்பெனி புதுப் பெட்டி கேட்டது. எங்களுக்கு அவர்கள்தான் பெரிய வாடிக்கை. அவர்கள் போனால் பாதி மெஷினைத் துணி போட்டு மூட வேண்டியதுதான். அட்டை அக்கா இரண்டு வாரம் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் என்னிடம் வந்து, "அண்ணா, உங்க வீட்ல சலவைத்தூள் பெட்டியை யார் திறப்பாங்க? எதால திறப்பாங்க?" என்றாள்.

"என் வீட்டு விஷயம் உனக்கு எதுக்கும்மா?"

கேட்டேனே தவிர, வீட்டுக்குப் போய் மனைவியைக் கேட்டேன். "ஸ்க்ரூ டிரைவரால ஒரே குத்து" என்றாள். இருபத்தாறு வருஷம் பெட்டிப் பிரஸ்ஸில் வேலை பார்த்தவன் வீட்டில் இது நடந்துகொண்டிருக்கிறது, எனக்குத் தெரியாது! அந்தக் குத்துப்பட்ட பெட்டியை மறுநாள் வேண்டாவெறுப்பாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதையும் சேர்த்து முப்பத்திரண்டு பெட்டிகளை மேஜையில் நிறுத்தினாள். அத்தனையிலும் குத்து விழுந்தது ஒரே இடத்தில், மேலே ஓரமாக.

"இங்க ஒரு வழி வேணும்னு தெரியுது. எப்படி வழின்னுதான் தெரியலை" என்று முனகிக்கொண்டே போனாள்.

மறுநாள் காலை முகமெல்லாம் பல்லாக வந்தாள். அவள் அக்காவின் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் வாசலிலேயே ஒரு விரலால் சட்டைக் காலரைத் தூக்கித் தளர்த்திவிட்டுக்கொண்டு 'அப்பாடா' என்பாராம். அதைத் தினமும் பார்க்கிறவள் அன்றுதான் பார்த்திருக்கிறாள். பத்து நாளில் பெட்டி தயார். நீலப் பெட்டி. முன்பக்கம் முழுக்க ஒரு வெள்ளைச் சட்டை. மேலே காலரின் ஒரு இறக்கையை விரலால் தூக்கினால் வாய் திறக்கும், தூளைக் கொட்டிக்கொள்ளலாம். திரும்ப மடித்தால் காலர் ஒழுங்காக உட்கார்ந்துகொள்ளும். கத்தி வேண்டாம், பல் வேண்டாம், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். முதலாளியம்மா காலரைத் திறந்து மூடி, திறந்து மூடி, குழந்தை மாதிரி விளையாடிக்கொண்டிருந்தார்.

எனக்கும் பிடித்திருந்தது. சொல்லவில்லை.

ப்ரூஃப் என் மேஜைக்கு நாலு தடவை வந்தது. முதல் தடவை நீலம் கறுத்திருந்தது. இரண்டாம் தடவை எடையில் ஒரு சைபர் விட்டுப்போயிருந்தது. மூன்றாம் தடவைதான் என் வாழ்நாளிலேயே நான் பெருமைப்பட்ட பிழை. கம்ப்யூட்டரில் எங்கேயோ சட்டைப் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். காலர் ஒன்றுதான், பொத்தான் வரிசை ஒன்றுதான், யாருக்கும் தெரியாது. ஆனால் சட்டைப் பை வலப்பக்கம் போய்விட்டது. சட்டைப் பை இதயம் இருக்கிற பக்கம்தானே இருக்கும்? அட்டை அக்கா தப்பவிட்டாள், மெஷின்காரர் தப்பவிட்டார், முதலாளியம்மா தப்பவிட்டார். நான் பிடித்தேன். சிவப்பு வட்டம், 'தப்பு', கையெழுத்து. நாலாவது வந்தது, 'சரி' போட்டேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் இதே பேச்சு. மனைவி காதைப் பொத்திக்கொண்டாள்.

தப்பான ப்ரூஃபை நாலாகக் கிழித்து என் மேஜைக்குக் கீழே இருக்கிற சாக்கில் போட வேண்டும் என்பது முதலாளியம்மா போட்ட விதி. சாக்கு நிறைந்ததும் பழைய பேப்பர் கிடங்குக்குப் போய்விடும். கனமான அட்டை, கிழிக்கக் கை வலிக்கும். அந்த வருஷம் எனக்குக் கட்டைவிரல் மூட்டில் வேறு வலி.

ஐந்து வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, சலவைத்தூள் கம்பெனிக்காரர் உள்ளே நுழைந்து முதலாளியம்மா மேஜையில் ஒரு பெட்டியைத் தூக்கிப் போட்டார். எங்கள் பெட்டி இன்னும் கடைக்கே போகவில்லை. ஆனால் இது கடையில் வாங்கியது. போட்டிக் கம்பெனியின் பெயர். பச்சைப் பெட்டி. முன்பக்கம் வெள்ளைச் சட்டை. மேலே, திறக்கிற காலர்.

அவர் போன பிறகு முதலாளியம்மா எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"பிரஸ்ஸை விட்டு வெளிய போகாத பெட்டி கடையில நிக்குது. இதைப் பாத்தது இங்க நாலே பேர். சனிக்கிழமை வரைக்கும் டைம் கேட்டிருக்கேன். அதுக்குள்ள ஆளைக் கண்டுபிடிச்சு வெளிய அனுப்பலேன்னா அவங்க வேற பிரஸ் பாத்துக்குவாங்க."

"கண்டுபிடிக்க என்னம்மா இருக்கு? தினமும் பை நிறைய அட்டை வெளிய எடுத்துட்டுப் போறது யாரு?" என்றேன் நான். ஒரு மூச்சுகூட யோசிக்கவில்லை.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அது குப்பைம்மா" என்றாள்.

"அப்போ பையைத் திறந்து காட்டு."

அவள் வாயைத் திறந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பச்சைப் பெட்டியைப் பார்த்தாள். திரும்பவும் என்னைப் பார்த்தாள். என்ன கணக்குப் போட்டாளோ, "இப்போ வேணாம்மா. சனிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குல்ல? அதுவரைக்கும் பொறுத்துக்குங்க" என்றாள்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? முதலாளியம்மா பச்சைப் பெட்டியை என்னிடம் கொடுத்து, "ப்ரூஃப் சார், இதை வச்சுக்குங்க. ஆளையும் பாத்துக்குங்க" என்றார். பெட்டியைக் கொண்டுபோய் என் மேஜையில் வைத்தேன். அதன் மேல் என் சாப்பாட்டு டப்பாவை வைத்தேன். பிறகு நாலு நாள் கண்கொத்திப் பாம்பாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெஷின்காரர் மட்டும் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தார். "சார், நல்லா யோசிச்சுட்டீங்களா? திருடின்னு பேர் ஆயிடுச்சுன்னா இந்தத் தொழில்ல அந்தம்மாவுக்கு ஒரு லேபிள்கூட யாரும் குடுக்க மாட்டாங்க. பதினோரு வருஷம் கவுன்டர்ல நின்னவங்க. திரும்பவும் கவுன்டருக்குத்தான் போகணும்."

"செய்யறப்போ யோசிச்சிருக்கணும்" என்றேன்.

புதன்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வருகிறேன், அவள் என் மேஜைக்குக் கீழே குனிந்து என் சாக்கில் கையை விட்டுக்கொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

"என்னம்மா தேடற?"

நிமிர்ந்தாள். கையில் ஏதோ அட்டை. சட்டென்று பைக்குள் தள்ளினாள். "குப்பைதாண்ணா."

"என் குப்பை உனக்கு எதுக்கு?"

"உங்க கட்டைவிரல் வலி எப்படி இருக்குண்ணா?" என்றாள் சம்பந்தமே இல்லாமல். பேச்சை மாற்றுகிறாளாம்! இந்த ஜாலமெல்லாம் என்னிடமா? வியாழக்கிழமையும் சாக்கைக் கிளறினாள். நான் தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் கிளம்பியதும் நானும் கிளம்பினேன். அவள் ஏறிய பஸ்ஸில் பின்வாசலில் ஏறினேன். கடைத்தெருவில் இறங்கினாள். நேராகப் போட்டிக் கம்பெனிக்குப் போவாள் என்று பார்த்தால், ஒரு பலசரக்குக் கடைக்குள் நுழைந்து சலவைத்தூள் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். அரை மணி நேரம் நின்றாள். ஒன்றும் வாங்கவில்லை. வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள். எந்தப் பெட்டியை எடுக்கிறார்கள், எந்தப் பக்கம் திருப்புகிறார்கள், எதைத் திரும்ப வைக்கிறார்கள். கடைக்காரர் சும்மா இருப்பாரா?

"என்னம்மா, ரொம்ப நேரமா நிக்கறே? பையில என்ன?"

"குப்பைங்க" என்றாள் அங்கேயும். அவர் முறைத்தார். உலகத்தில் இந்தப் பெண்ணை நம்புகிற ஒரு ஆள்கூட இல்லை போலிருக்கிறதே என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதைத் தள்ளிவிட்டேன்.

அங்கிருந்து நடந்து இரண்டு தெரு தள்ளிப் பழைய பேப்பர் கிடங்குக்குள் போனாள். கூரை உயரத்துக்கு அடுக்கிய காகிதக் கட்டுகள். ஒன்றின் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தேன். தராசுக்குப் பக்கத்தில் நின்ற ஆளிடம் அவள் பையிலிருந்து ஏதோ எடுத்துக் காட்டினாள். அவன் தலையை ஆட்டினான். ஆகா, மாட்டினாள்! இவன்தான் கை மாற்றிவிடுகிற ஆள்! அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்தது. ஒன்றல்ல, மூன்று.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணா, வெளிய வாங்க. அந்தக் கட்டு சரியா அடுக்கலை, மேல விழுந்துடும்."

அசடு வழிய வெளியே வந்தேன். "நான்தான்னு எப்படி...?"

"பஸ்லயே பாத்தேன். காதுல சிவப்புப் பென்சிலைச் செருகிட்டு வேற யாரு வருவாங்க?"

காதைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. கோபம்தான் வந்தது. "சரி, இப்போ சொல்லு. யாருக்கு விக்கற? பையில என்ன?"

அவள் தராசின் தட்டில் பையைக் கவிழ்த்தாள். கனமான அட்டைகள் சரிந்து விழுந்தன. மருந்துப் பெட்டி, எண்ணெய் லேபிள், பிஸ்கட் பெட்டி. பதினொன்று இருக்கும். ஒவ்வொன்றிலும் சிவப்பு வட்டம். ஒவ்வொன்றிலும் 'தப்பு'. ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து. ஒன்றுகூடக் கிழிக்கப்படவில்லை. முழுசாக இருந்தன.

"நாலு இந்த வாரம் உங்க சாக்குல எடுத்தது. மீதி இங்க கட்டுக்குள்ள கிடந்துது. நாலு நாளா தேடித் தேடி எடுத்து, என் கண்ணு முன்னாடியே அரைக்கறதுக்குப் போடச் சொல்றேன். இது கடைசிக் கட்டு" என்றாள்.

தராசுக்காரன், "பெரிய சார், முன்னாடியெல்லாம் உங்க பிரஸ் அட்டை கிழிஞ்சுதான் வரும். இப்போ கொஞ்ச மாசமா முழுசா வருது" என்றான். "ஒருத்தர் வருவார். புள்ளைங்க படம் வரையணும்னு அச்சடிச்ச அட்டையா பாத்துக் கேட்டு எடுத்துட்டுப் போவார். சட்டை போட்ட பெட்டிகூட ஒண்ணு எடுத்தார். நான் என்ன கண்டேன்?"

கட்டைவிரல் வலி வந்த நாளிலிருந்து நான் கிழிக்கவில்லை. யார் போய்க் குப்பையைப் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே சாக்கில் தள்ளினேன். குப்பையைப் பார்க்கிற ஒருத்தியை எதிர் மேஜையில் வைத்துக்கொண்டு, ஒரு வருஷமாக அதற்காகவே அவளைக் கிண்டலடித்துக்கொண்டு, அப்படி நினைத்தேன்.

"அண்ணா, அந்தப் பச்சைப் பெட்டி உங்க மேஜையிலதானே இருக்கு? அதுல சட்டைப் பை எந்தப் பக்கம்?"

எனக்குத் தெரியவில்லை. நாலு நாள் அதன் மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்திருந்தேன். ஒருமுறைகூட அதைப் பார்க்கவில்லை.

"வலப்பக்கம்" என்றாள். "செவ்வாய்க்கிழமை மேஜையில போட்டப்பவே பாத்தேன். மூணாவது ப்ரூஃப். அது ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தோம், அதுவும் உங்ககிட்டதான் வந்துது."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா! எல்லார் முன்னாடியும் உன்னைத் திருடின்னேனே!"

"நீங்க என்மேல விரலை நீட்டின அடுத்த நிமிஷம் நான் உங்கமேல நீட்டினா யார் நம்புவாங்க? தப்பிக்கறதுக்காகப் பெரியவர்மேல பழி போடறேன்னு ஆகும்." அட்டைகளை அடுக்கினாள். "அதோட, நீங்களே கண்டுபிடிப்பீங்கன்னு நெனைச்சேன். எதையும் ரெண்டு தடவை பாக்கறவராச்சே நீங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நாளைக்கு என்ன பண்ணப்போற?"

"தெரியலைண்ணா. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். செவ்வாய்க்கிழமையே என் பையில உங்க சாக்குல எடுத்த ரெண்டு அட்டை இருந்துது, திறந்தா உங்க கையெழுத்து வெளிய வரும், அதனாலதான் திறக்கலை. இனிமே பை காலி."

அட்டைகள் கட்டோடு அரைவைக்குப் போயின. சாட்சி இல்லை. அவள் வாயைத் திறக்க மாட்டாள் என்பதும் தெரிந்துவிட்டது. எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டே வருஷம். பஸ்ஸில் திரும்பும்போது, சும்மா இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தேன். வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணியை மடித்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு நம்ம வீட்டுப் பெட்டியையும் பாத்துத்தானே அந்தக் காலரைக் கண்டுபிடிச்சா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சனிக்கிழமை காலை என் மேஜையில் ஒரு தாள் காத்திருந்தது. முதலாளியம்மா கதவருகே நின்று, "ப்ரூஃப் சார், பாத்துக் குடுங்க. பத்து மணிக்கு அவங்ககிட்ட குடுக்கணும். இதுல ஒரு தப்பும் இருக்கக் கூடாது" என்றார்.

அட்டை அக்காவை வேலையிலிருந்து நீக்குகிற கடிதம். நிறுவனத்தின் வடிவமைப்பு வெளியே போகக் காரணமாக இருந்ததால் என்று ஒரு வரி. எதிர் மேஜையில் அவள் சுவரிலிருந்து கிழிந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். என் மனைவி ஸ்க்ரூ டிரைவரால் குத்திய பெட்டியைக் கழற்றும்போது ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தாள்.

சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிவிட்டுப் பச்சைப் பெட்டியை எடுத்தேன். சட்டைப் பை வலப்பக்கம். நான் பிடித்த பிழை. இருபத்தாறு வருஷத்தில் நான் பெருமைப்பட்ட பிழை, போட்டிக்காரன் பெயரோடு கடையில் விற்றுக்கொண்டிருந்தது.

சிவப்புப் பென்சிலை எடுத்தேன். கடிதத்தில் அவள் பெயரைச் சுற்றி வட்டம் போட்டேன். ஓரத்தில் 'தப்பு' என்று எழுதினேன். அதற்கு மேலே, வர வேண்டிய சரியான பெயரை எழுதினேன். கீழே கையெழுத்து. பெட்டியையும் கடிதத்தையும் முதலாளியம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் கடிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "என்ன சார் இது? உங்க பேரை எழுதியிருக்கீங்க?"

"அந்தப் பெட்டியில சட்டைப் பை எந்தப் பக்கம்னு பாருங்கம்மா."

பார்த்தார். அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த மூன்றாவது ப்ரூஃப் பற்றி ஒரு வாரம் அவரிடமும்தானே பீற்றிக்கொண்டிருந்தேன். "கிழிக்கலையா?" என்றார் மெதுவாக.

"விரல் வலிம்மா. ஆறேழு மாசமா கிழிக்கலை."

சலவைத்தூள் கம்பெனிக்குப் போன் போட்டார். பிழையோடு காப்பியடித்ததால் பெட்டி எங்களுடையது என்று நிரூபித்துவிடலாம், அவர்கள் அந்தப் பெட்டியைக் கடையிலிருந்து இறக்க வேண்டியிருக்கும், காலர் பெட்டி எங்களிடமே அச்சாகலாம் என்றெல்லாம் பேச்சு நடந்தது. கடைசியில், "ஆமா, ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. இன்னிக்கே அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அட்டை அக்கா வாசலில் வந்து நின்றாள். "அம்மா, அவருக்கு ரெண்டே வருஷம்தான் பாக்கி."

"எனக்குத் தெரியாதா? அவங்க ஒரு ஆளைக் கேக்கறாங்கம்மா."

"அவ பேர் அதுல இருந்தப்போ யாரும் எத்தனை வருஷம் பாக்கின்னு கேக்கலையேம்மா" என்றேன்.

கடிதத்தைப் புதிதாக அடித்துக்கொண்டு வந்தார்கள். முதலாளியம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். நீட்டவும் முடியவில்லை, எடுத்துக்கொண்டு போகவும் முடியவில்லை.

"குடுங்கம்மா. பாக்காம எதுவும் வெளிய போகக் கூடாது."

இரண்டு தடவை படித்தேன். பெயர் சரி. தேதி சரி. காரணம் சரி. எதிர்ச் சுவரில் அட்டை அக்கா பெட்டிகளைத் திரும்பக் குத்திக்கொண்டிருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு. நான் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.